கண் டாக்டர் வரும் வியாழக்கிழமை

என் தங்கை தையல் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்றவள். தைத்து வரும் சட்டையை உள்பக்கம் திருப்பி, தையல் விட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவாள். அவள் கையைத் தாண்டிப் போன சட்டை திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான். அதை இப்போதும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஏழாம் மாதத்தில் அந்த மேஜை அருகிலேயே அவளுக்கு வலி எடுத்தது. பிறந்த பெண் பிள்ளை ஒரு கிலோகூட இல்லை. அவள் புருஷன், பெயிண்டர், கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு வாந்தி எடுத்தா?" என்று சிரித்தான். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான். ஒரே கண்ணாடிப் பெட்டியில் எங்கள் பிள்ளையும் வேறொருத்தி பிள்ளையும். மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

கொஞ்சம் தேறியதும், பிள்ளையைத் தாயின் வெற்று நெஞ்சோடு துணியால் கட்டி வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே நர்ஸுகள் என் தங்கைக்கு வைத்த பெயர் 'லீடர்'. புதிதாக வருகிற தாய்கள் தொடவே பயப்படுவார்கள்.

"உடைஞ்சிடுமோன்னு இருக்குக்கா."

"சட்டை மாதிரி தைச்சா வச்சிருக்கு, பிரிஞ்சு வர்றதுக்கு? நல்லாப் பிடிடி."

அவள் குளிக்கப் போகும் நேரம் மட்டும் பிள்ளை என் நெஞ்சுக்கு வரும். அதற்கும் அவளுக்கு மனசு வராது. "அக்கா, நீ புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுற. அது பயந்துக்கும்."

படுக்கை வேறு ஒருத்திக்கு வேண்டியிருந்ததால் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய நர்ஸ் விரலை ஆட்டிச் சொன்னார்: "ரெண்டு கிலோ ஆகுற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. சளி பிடிச்சுதுன்னா பிள்ளை உனக்கு இல்ல." வாசலில் இன்னொரு நர்ஸ், வேறு ஒருத்திக்கு ஊசி போடப் போகிற அவசரத்தில், "வியாழக்கிழமை கண் டாக்டர் வருவாரு, காட்டிடு" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. தள்ளிப் போடக் கூடாது என்றும் சொல்லவில்லை.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு, முழிச்சு முழிச்சுப் பாக்குது" என்றான் பெயிண்டர். வெளியே கொண்டுபோனால் செத்துவிடும் என்றது ஒரு வார்த்தை. காட்டிடு என்றது இன்னொரு வார்த்தை. என் தங்கை எதைக் கேட்பாள்? இரண்டு கிலோ ஆனதும் கண்ணைக் காட்டலாம் என்று முடிவு செய்தாள். ஜன்னலுக்குத் துணி கட்டினாள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் என்னைக்கூட உள்ளே விடவில்லை. பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

வீட்டுக்கு வரும் சுகாதார ஊழியர் தராசைப் பார்த்து இரண்டு கிலோ என்று சொன்னதற்கு அடுத்த வியாழக்கிழமையே போய் நின்றோம். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை நாளா எங்கம்மா இருந்தீங்க?"

"வீட்லதான் டாக்டர். வெளியே கொண்டு வரக் கூடாதுன்னாங்க."

அவர் திட்டவில்லை. குறைமாதப் பிள்ளைக்கு, அதுவும் ஆக்சிஜனில் இருந்த பிள்ளைக்கு, கண்ணுக்குள் பின்பக்கத் திரை கழன்றுவிடுவதுண்டு. ஆரம்பத்தில் பார்த்திருந்தால் லேசர் வைத்து நிறுத்தியிருக்கலாம் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனோம். அங்கேயும் அதே பேச்சு, இனிப் பார்வை வராது என்று.

பெரிய நர்ஸிடம் நான்தான் சண்டைக்குப் போனேன். "வெளியே போகாதேன்னா, ஆஸ்பத்திரிக்கும் வராதேன்னா அர்த்தம்?" என்றார். வாசல் நர்ஸ், "நான்தான் சொன்னேனே" என்றார். இருவர் பேரிலும் பிழை இல்லையாம். என் தங்கைதான் தப்பாம்.

பிள்ளைக்கு நான்கு வயதானபோது, வார்டில் பிழைத்த பிள்ளைகளுக்கென்று ஒரு விழா வைத்தார்கள். தலைமை டாக்டர் அவளைத் தூக்கிக் காட்டி, "இந்த வார்டுலயே பிழைச்ச ரொம்பச் சின்னக் குழந்தை!" என்றார். கைத்தட்டல் வந்த பக்கம் எல்லாம் பிள்ளை தலையைத் திருப்பியது. என்ன சூட்டிகை என்று மெச்சினார்கள். அவர் மேடையை விட்டு இறங்கியதும் என் தங்கை கேட்டாள்: "சார், வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி வார்டுலயே கண்ணைப் பாத்துட்டா என்ன?" "நல்ல யோசனைம்மா, பாக்கலாம்" என்றார். பிள்ளையின் படத்தை வார்டுச் சுவரில் மாட்டினார்கள். கண் டாக்டர் பழையபடி வியாழக்கிழமைகளில் மட்டும் வந்து போனார்.

அந்த வருஷமே எதிர்வீட்டு ஆட்டோக்காரர் மனைவிக்கும் குறைமாதத்தில் பிள்ளை பிறந்து, அதே வார்டிலிருந்து வீட்டுக்கு வந்தது. "ரெண்டு கிலோ ஆகட்டும்க்கா, கண்ணை அப்புறம் காட்டிக்கலாம்" என்றாள். ஆட்டோக்காரர் சவாரிக்குப் போயிருந்தார். அன்று வியாழக்கிழமை.

"பிள்ளையைக் குடு" என்றாள் என் தங்கை.

"ஐயோ, காத்து படும்க்கா."

"என் நெஞ்சுக்குள்ள ஏதுடி காத்து? செருப்பைப் போட்டுக்கிட்டு வா."

பிள்ளையை நெஞ்சோடு கட்டி, மேலே புடவையைச் சுற்றி, தாயையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் தனியாகத் திரும்பினாள். நெஞ்சில் துணி அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. அவள் மகள் என் மடியில் உட்கார்ந்து என் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொன்னாங்க?"

"ரெண்டு கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்காம். சரியான நேரத்துல வந்தீங்கன்னாரு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாரு, நாளைக்கு அங்க லேசர். தாயும் பிள்ளையும் அங்கேயே இருக்காங்க."

"நல்ல சேதிதானே? ஏன் இப்படி நிக்கிற?"

சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"பஸ்ல நிக்க இடமில்லைக்கா. ஒருத்தன் முழங்கையால இடிச்சான்கூட. அது முழிக்கவே இல்ல, ஒரு தும்மல்கூட இல்ல. தூங்கிட்டே வந்துச்சு."