நேர் ரோட்டில் ஒரு சுவர்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் பஸ் நிறுத்தம் தெரியும். பஸ் வந்து நிற்பதும் ஆட்கள் ஏறுவதும்கூடத் தெளிவாகத் தெரியும். நாங்கள் போய் ஏறத்தான் முடியாது. நடுவில் ஒரு சுவர்.

இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் செல்லூரில், விசைத்தறிச் சத்தத்துக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஆனையூரையும் தாண்டி, நெல் விளைந்த இடத்தில் அப்பா மனை வாங்கி வீடு கட்டினார். மனை போட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்களை வேனில் கூட்டிப்போய், பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, "நேர் ரோடு சார், நடந்தே போய் பஸ் ஏறலாம்" என்றார்கள். ரோடு நேராகத்தான் போனது. ஆனால் முன்னால் இருந்த வயலை வேறொருவர் வாங்கி வேறொரு நகர் போட்டார். தன் எல்லை இதுவென்று எங்கள் ரோட்டின் குறுக்கே ஆளுயரத்துக்கும் மேலாகச் சுவர் எழுப்பிவிட்டார். அந்தப் பக்கமும் அதே நேரில், அதே அகலத்தில் ரோடு. சுற்றிப் போவதென்றால் செங்கல் சூளை, கண்மாய்க்கரை, ஒரு கருவேலங்காடு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். இன்றைக்கும் போனில் வழி பார்த்துச் சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் சுவருக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, "வந்துட்டேண்ணே, வீட்டத்தான் காணோம்" என்கிறார்கள்.

சுவர் வருவதற்கு முன், புதுமனை புகுவிழாவின்போது அம்மாவின் அண்ணன், எங்கள் தாய்மாமா, "தங்கச்சியக் காட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிட்டீகளே மாப்ள" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அதோடு அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. தம்பிக்குக் காதுகுத்து வந்தபோதுதான் சிக்கல். தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தக் காதைக் குத்துவது? அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அப்பாவே போன் செய்தார். அதே வழிதானே என்று மாமா கேட்டதற்கு, "பஸ் ஸ்டாப்ல இருந்து ஒரே நேர் ரோடு மச்சான்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

அன்று காலை மேளச்சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினோம். ரோட்டில் யாருமில்லை. மேளம் மட்டும் பக்கத்தில் கேட்டது. அப்புறம்தான் சுவருக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. "ஏம்மா, எம்புட்டு நேரமா கத்துறேன்! வழி எங்க இருக்கு?"

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "சுவரு இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சா போயிருவீக?"

முந்தின நாள் பெய்த மழையில் கண்மாய்க்கரை சேறாகிக் கிடந்தது. கிராமத்து வழியாக வேன் சுற்றி வருவதற்குள் நல்ல நேரம் முடிந்துவிடும். மாமா வந்த வேனைச் சுவரை ஒட்டி நிறுத்தினார்கள். அதன் மேலே ஏறி அவர் சுவரில் ஒரு காலைப் போட்டார். பட்டு வேட்டி, கனத்த உடம்பு, பழைய முட்டிவலி. இந்தப் பக்கம் இறங்கவும் முடியாமல், திரும்பவும் முடியாமல், குதிரையில் ஏறியவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். கீழே மேளக்காரர்கள் நிறுத்துவதா வாசிப்பதா என்று தெரியாமல் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்து அம்மாவிடம் ஒரு அடி வாங்கினேன்.

"நீ எறங்காதண்ணே. நாங்க வாரோம்" என்று அம்மா சேலையைத் தூக்கிச் செருகினாள். பந்தல்காரரின் ஏணியைப் போட்டு அவள் ஏறினாள், தம்பியைத் தூக்கிக் கொடுத்தார்கள், நான் ஏறினேன், பொற்கொல்லர் முனகிக்கொண்டே ஏறினார், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறி, வேன் மேல் கால் வைத்து அந்தப்பக்கம் இறங்கி, மாமாவையும் பிடித்து இறக்கினார்கள். முகம் தெரியாத ஒரு வீட்டம்மா ஓடிவந்து ஜமுக்காளம் விரித்தார். யாரோ ஒருவரின் வாசலில், மாமா மடியில், தம்பி ஊரே அதிர அழ, காது குத்தியாயிற்று. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவும்.

"மாப்ள எங்க?" என்றார் மாமா.

அப்பா ஏறி வரவில்லை. சுவருக்கு மேலே அவருடைய இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. இலைக்கட்டு வந்தது, சோற்று வாளி வந்தது, சாம்பார் வாளி வந்தது. அந்த நகர்க்காரர்களும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று யாராவது குரல் கொடுத்தால் அந்தக் கைகள் உடனே தூக்கிக் கொடுத்தன. மாமா சுவரைப் பார்த்து, "மாப்ள, சாப்பாடு பிரமாதம்" என்றார். அந்தக் கைகள் பாயச வாளியை நீட்டின.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். "நீங்க ஏம்ப்பா ஏறி வரல?"

"அடுப்ப யாரு பாக்குறது? சோறு கொழஞ்சிருமில்ல" என்றார்.

சரிதானே என்று விளையாடப் போய்விட்டேன். மாமா வருவதற்கு முன்பே சமையல்காரர் அடுப்பை அணைத்துத் தண்ணீர் தெளித்ததை நானும்தான் பார்த்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது எனக்குத் தெரியவில்லை.