ஓர் உழக்கு பாதாம் பிசின்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னபோது, மனிதர் சோற்றைக் குறைத்தார், காபியில் சீனி வேண்டாம் என்றார், தீபாவளி அதிரசத்தைப் பார்த்து முகத்தைக்கூடத் திருப்பிக்கொண்டார். ஜிகர்தண்டாவை மட்டும் விட மாட்டேன் என்று அடம்பிடித்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. விளாங்குடியில் குடியிருந்தோம். அவருக்கு டவுனில் ஒரு பாத்திரக்கடையில் வேலை. சாயங்காலம் திரும்பும்போது ஆரப்பாளையத்தில் இறங்குவார். அங்கே ஒரு தள்ளுவண்டியில் பாலும் நன்னாரி சர்பத்துமாகப் பெரிய கிளாஸ் ஜிகர்தண்டா ஒன்றை நிதானமாகக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வருவார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். நான் அந்தத் தள்ளுவண்டிக்குப் பிறகு வந்தவள்.

வீட்டில் யாரும் பொய் சொல்ல முடியாதபடி டாக்டர் ஒரு நீல மருந்து கொடுத்திருந்தார். கண்ணாடிக் குழாயில் அதைக் கொஞ்சம் ஊற்றி, காலையில் பிடித்த சிறுநீரில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். சிறுநீரில் சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும், அளவு மிஞ்சினால் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் தினமும் செங்கல்தான். அந்தச் செங்கலை அடுக்கியிருந்தால் மாடியே எழுப்பியிருக்கலாம்.

இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுச் செருப்பு கடித்து அவர் குதிகாலில் ஒரு புண் வந்திருந்தது. நாலு நாளில் ஆற வேண்டியது மாதக்கணக்கில் ஆறவில்லை. திருவாதவூரில் எங்கள் பெரியப்பாவுக்கு இதே சர்க்கரையால் காலை எடுத்ததை நான் கண்ணால் பார்த்தவள். ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் புண்ணுக்கு மருந்து போடுவேன். சட்டையிலிருந்து நன்னாரி வாசம் வேறு அடிக்கும். அப்படியே பாட்டிலைத் தூக்கி அவர் மேல் எறியலாமா என்றிருக்கும்.

"ஏங்க, அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இனிப்பா முக்கியம்? திக்கு! கரண்டியப் போட்டா நிக்கணும். அந்த மாதிரி நீ வீட்டுல பண்ணிக் குடு, நான் வண்டிப் பக்கமே போகல."

சொல்லிவிட்டாரா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போனஸில் வாங்கிய மிக்ஸி சட்னிக்கு மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளே தயிரை அதில் ஓடவிட்டு, ஏலக்காய் தட்டிப்போட்டு நீட்டினேன். ஒரு வாய் குடித்தார்.

"வைகையிலதான் தண்ணி இல்ல. அம்புட்டும் இந்த டம்ளருக்கு வந்துருச்சு போல."

அடுத்த முறை தயிரைப் பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். தண்ணீரெல்லாம் வடிந்து வெண்ணெயைப் போல் நின்றது. அதில் இளநீர் வழுக்கையைப் போட்டு அரைத்தேன். கெட்டியாகத்தான் வந்தது. இனிப்புக்கு மருந்துக்கடை சாக்கரின் வில்லைகளைத் தாராளமாகப் போட்டதில் வாய் கசந்து தொலைத்தது. அன்றும் அவர் சட்டையில் நன்னாரி வாசம்.

பக்கத்து வீட்டில் பழைய டவுனிலிருந்து குடிவந்த ஒரு பாய் குடும்பம் இருந்தது. பாயும் என் வீட்டுக்காரரும் மாமா, மாப்ள என்று ஒட்டிக்கொண்டவர்கள். பாய் வீட்டு அக்காவிடம் என் புலம்பலைக் கொட்டினேன்.

"பாதாம் பிசின் போடு தங்கச்சி. நோன்பு நேரத்துல நாங்க போடுறதுதான். ராத்திரி ஊறப்போடு, காலையில பொங்கி வந்துரும். நன்னாரி வேரச் சும்மா கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணிய ஊத்து. சீனி எதுக்கு? வாசம் போதும்."

நாட்டுமருந்துக் கடையில் பிசினை வாங்கிவந்தேன். எவ்வளவு ஊறவைப்பது என்று நான் கேட்கவில்லை. ஊறப்போடுவது என்றால் எனக்குத் தெரிந்தது இட்லி அரிசிதான். அதையே உழக்கில் அளந்து போடுகிறவள், பிசினையும் ஓர் உழக்கு அளந்து குண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் அடுப்படிக்குப் போனால் குண்டா நிரம்பி, மேடையெல்லாம் வழிந்து, தரையில் வழுவழுவென்று கிடக்கிறது. அள்ளி இட்லிப் பானையில் போட்டேன். பானை நிறைந்தது. வாளியில் போட்டேன். தண்ணீர் பட்ட இடமெல்லாம் அது இன்னும் பெருத்தது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னடி இது, தவளை முட்டையாட்டம்? நீ ஆள விடு. நான் வண்டியிலயே குடிச்சுக்கிறேன்."

"வேணாம்னா போங்க! ஊரு குடிக்கட்டும்!" என்று கத்திவிட்டேன். அவர் போன பிறகு உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதேன். அவ்வளவு பிசினைக் கொட்டவும் மனசு வரவில்லை.

அக்கா வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "யா அல்லா! ரெண்டு துண்டு போதுமே தங்கச்சி, தெருவுக்கே ஊறப்போட்டுட்டியே!" பிறகு அவளே தெருவுக்குச் சொல்லியனுப்பினாள். ஒரு வீட்டிலிருந்து செம்பு நிறையத் தயிர் வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து இளநீர்க் குலை. எங்கள் ஜன்னல், அவர்கள் ஜன்னல் எல்லாவற்றிலும் தயிர் மூட்டை தொங்கியது. சாயங்காலம் கரண்ட் சரியாக வந்ததும் மிக்ஸி சூடேறும்வரை அரைத்தோம். நன்னாரித் தண்ணீர், ஏலக்காய், மிக்ஸி முழுதுக்கும் ஒரே ஒரு சாக்கரின் வில்லை, மேலே பிசின். கரண்டியைக் குத்தினேன். நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது. அந்தச் சந்தோஷத்தில் நான் போட்ட கூச்சல் மூன்று வீடு தாண்டிக் கேட்டிருக்கும்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் வந்தபோது வாசலில் தெருவே நின்று குடித்துக்கொண்டிருந்தது. பாய் மீசையைத் துடைத்துக்கொண்டார். "மாப்ள, வீட்டுல இம்புட்டு வச்சுக்கிட்டு எதுக்குய்யா ஆரப்பாளையம் போறீரு?"

இவர் நேராக அடுப்படிக்கு வந்தார். சட்டையில் அன்றைய நன்னாரி வாசம் அப்படியே இருந்தது. "எனக்கு எங்கடி?"

"முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சா? எனக்குன்னு ஆரம்பிச்சது, எனக்கில்லையா?" முகம் சுருங்கிப்போய்விட்டது. பாத்திரத்தை எடுத்து விரலால் வழித்து வாயில் வைத்தார். இன்னொரு முறை வழித்தார். கரண்டியையும் விடவில்லை.

"நாளைக்கும் உண்டா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. "நேரா வீட்டுக்கு வந்தா உண்டு" என்றேன்.

மறுநாள் ஆரப்பாளையத்தில் இறங்காமலே வந்துவிட்டார். அதற்கடுத்த நாளும். சட்டையில் வியர்வை வாசம் மட்டும் அடித்தது. அதைப் போல ஒரு வாசனையை நான் மோந்ததேயில்லை. கண்ணாடிக் குழாயில் செங்கல் மஞ்சளானது, மஞ்சள் பச்சையானது. குதிகால் புண்ணின் ஓரங்கள் மெல்லக் கூடிவந்தன.

ஒருநாள் காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து, "நீலம்டி! நீலம்!" என்று ஒரே கத்தல். காய்ச்சிய குழாயை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். உண்மையிலேயே நீலம், துளிப் பச்சை இல்லை. நான் கரண்டியோடு நின்று சிரிக்கிறேன், கண்ணீர் பாட்டுக்கு ஓடுகிறது. அந்த மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழாயை எடுத்துக்கொண்டு காம்பவுண்டுச் சுவருக்கு ஓடினார். அந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்த பாயிடம் நீட்டினார்.

"மாமா, பாருங்க, எப்பிடி இருக்கு!"

பாய் வாயைக் கொப்பளித்துவிட்டு ஆசையாகக் கையை நீட்டினார். "அட, இன்னைக்கு நீலத்துல போட்டிருக்கா தங்கச்சி? குடுங்க, குடுங்க."

"பாய்! அத வாங்காதீங்க!" என்று கத்திக்கொண்டே நான் ஓடினேன்.