உடம்பு சொன்ன பொய்ச்சாட்சி

முதலில் மிஞ்சி கடித்தது.

கல்யாண நாளிலிருந்து கால்விரலில் கிடந்த வெள்ளி மிஞ்சி. ஒரு மார்கழிக் காலையில் வாசல் தெளிக்கக் குனிந்தபோது விரல் விண்ணென்று தெறித்தது. குளிருக்கு ரத்தம் கட்டியிருக்கும் என்று விளக்கெண்ணெய் தடவினேன். தை போயிற்று, மாசி போயிற்று. விரல் மிஞ்சியின் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றது. கடைசியில் எருமப்பட்டி ஆசாரி அரம் வைத்து அறுத்துக் கழற்றினார்.

"மிஞ்சி அப்படியேதான் இருக்குதுங்க அம்மணி. வெரலுதான் வளந்துபோச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குள் நோய் நுழைந்ததை நான் சிரித்து வரவேற்றேன்.

சாப்பாட்டைக் குறைத்தும், உடம்பை வருத்தியும், உடம்பு இறங்காமல் ஊர் வாயில் விழுந்து கிடக்கும் யாராவது ஒருவர் கண்ணில் இது பட்டால் போதும். புத்தி சொல்ல வரவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சோளமும் கம்பும் விளையும் எங்கள் காடு எருமப்பட்டிக்குக் கிழக்கே. ஏரிக்கரையில் ஏறி நின்றால் கொல்லிமலை நீலமாகத் தெரியும். நான் நாமக்கல்லில் பிறந்தவள். அப்பா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதால் எழுத்து கைவந்தது. வீட்டுக்காரர் காட்டு வேலைதான். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். பேச்சு குறைவு. பிள்ளைகள் இல்லை. அவருடைய அக்கா ஒருவர், நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே, முகமும் காலும் வீங்கி, மூச்சு முட்டி இறந்துபோனார். அந்த அக்காவின் பெயரைக்கூட அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

விரலுக்குப் பிறகு கணுக்கால். பிறகு முகம். கண்ணாடியில் என் கண்கள் மாவுக்குள் அழுத்திய கொட்டைகள் போல இருந்தன. வளையல்காரி வீட்டுக்கு வந்தபோது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "கபம் ஏறிப்போச்சு. கொள்ளுக் கஞ்சி குடிங்க, நடங்க, பகல்ல படுக்காதீங்க" என்றார். அப்படியே செய்தேன். விடியும் முன்பே ஏரிக்கரையில் இறங்கி மலையடிவாரம் வரை நடந்து திரும்புவேன். வந்து உலக்கை பிடிப்பேன். எங்கள் கம்பு முடிந்தால் அடுத்த வீட்டுக் கம்பையும் வாங்கி வந்து இடிப்பேன். கிணற்றுத் தண்ணீர் முழுக்க நானே சேந்தினேன். காலையில் ஒரு கிண்ணம் கூழ், மதியம் கைப்பிடிக் களி. பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர். வேலை செய்தால் மாடுகூட இளைக்கும். நான் இளைக்கவில்லை. பசி மட்டும் இருந்தது, பசித்த உடம்புக்கு உரிய தோற்றம் எனக்குக் கொடுக்கப்படவில்லை.

வேறு சிலவும் நடந்தன. அவற்றை நான் நோயோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நீங்கள் சேர்த்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் கம்பளி கேட்டது. சீப்பு நிறைய முடி வந்தது. புருவத்தின் வெளி ஓரம் உதிர்ந்து பாதிப் புருவம் ஆயிற்று. குரல் தடித்து, வாசலில் நின்று கூப்பிட்டால் ஆம்பிளைக் குரல் என்று ஆள் திரும்பிப் பார்த்தது. நடந்து வந்தால் எல்லோர் முதுகும் நனைந்திருக்கும், என் முதுகு மட்டும் மழை காணாத மண்ணாகக் கிடக்கும். பேச நினைத்த சொல் நாக்குக்கு வந்து சேரப் பொழுது ஆயிற்று.

அப்போது யுத்த காலம். அரிசி கண்ணில் படவில்லை. சோளமும் ராகியும் அளந்து கொடுத்தார்கள், அதற்கும் வரிசை. ஊரில் எல்லோர் கழுத்தெலும்பும் வெளியே தெரிந்தது. அந்த எலும்புகளுக்கு நடுவே நான் ஒருத்தி பெருத்துக்கொண்டே போனேன்.

பக்கத்துக் காட்டுப் பாவாயி வாய்த்துடுக்கு உள்ளவள். கிணற்றடியில் ஒரு நாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்கக்கா, அப்புடி என்னதான் திங்கறீங்க?"

"கூழுதான் பாவாயி. அதும் ஒருவேளைதான்."

"கூழா! எங்கூட்டுக் கூழு எங்களக் குச்சியாக்குது, உங்கூட்டுக் கூழு உங்களக் குதிராக்குது. அந்தக் கூழுல ஒரு கரண்டி இந்தப் பக்கம் ஊத்துங்கக்கா!"

கிணற்றடி முழுக்கச் சிரித்தது. எனக்கும் பதில் ஒன்று தோன்றியது. அது நாக்குக்கு வருவதற்குள் அவர்கள் குடங்களோடு போய்விட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் சோளத்தைப் பூமிக்குள் குழி வெட்டிச் சேர்த்துவைப்பார்கள். உள்ளே வைக்கோல் பிரி சுற்றி, சோளத்தைக் கொட்டி, கல் பலகை போட்டு மண் பூசி மூடுவார்கள். எங்கள் வாசலிலும் ஒரு குழி உண்டு. அந்த வருஷம் அதை மாமாவே இறங்கி வழித்துத் துடைத்திருந்தார். இருந்தாலும் நாங்கள் சோளம் பதுக்குகிறோம் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். தாலுகாவிலிருந்து ஒரு அதிகாரியும், எங்கள் ஊர் மணியக்காரரும், மண்வெட்டியோடு இரண்டு ஆட்களும் ஒரு முற்பகலில் வாசலுக்கு வந்தார்கள்.

"குழி காலிங்க" என்றார் மாமா.

அதிகாரி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஊரே பஞ்சத்துல கெடக்கு. இந்த ஒரு வீட்டுல மட்டும் இப்படி உடம்பு வருமாய்யா? தோண்டுங்க."

நான் வாய் திறக்கும் முன்பே என் உடம்பு சாட்சி சொல்லிவிட்டது.

பலகையை நகர்த்தினார்கள். குழியைத் திறந்தவுடன் ஆள் இறங்கக் கூடாது, அடைந்த காற்று கொன்றுவிடும். அதனால் கயிற்றில் விளக்கைக் கட்டி உள்ளே இறக்கினார்கள். விளக்கு அணையாமல் கீழே போனது. பாவாயியும் இன்னும் பலரும் வேலியோரம் கூடி நின்றார்கள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

மாமாவும் குனிந்து பார்த்தார்.

குழி காலி என்று அவருக்குத் தெரியும். வழித்தவர் அவர்தான். ஆனாலும் மண்டியிட்டு, கையைத் தரையில் ஊன்றி, அந்த விளக்கு போன வழியே எட்டிப் பார்த்தார். நான் ஒளித்துவைத்த எதையோ தேடுகிறவர் போல. உள்ளே துடைத்த மண்ணும் ஒரு சிலந்தி வலையும். அவர் நிமிர்ந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

ஊர் நம்பாததைத் தாங்கினேன். இதைத் தாங்க முடியவில்லை. அன்று முழுக்கக் கூழையும் நான் தொடவில்லை.

மறுநாள் பொழுது விடிந்ததும் வண்டி பூட்டினார். "சேலத்துக்குப் போலாம், கெளம்பு புள்ள. பெரிய ஆஸ்பத்திரில காட்டலாம்." அவ்வளவுதான் சொன்னார். நான் தின்கிறேனா இல்லையா என்று டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். கசப்போடு ஏறி உட்கார்ந்தேன்.

நாமக்கல்லில் கரிவாயு பஸ். பின்னால் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு, கரி எரித்து ஓடும். புதுச்சத்திரம் தாண்டி ஒரு மேட்டில் நின்றுவிட்டது. எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார் டிரைவர். "அந்தம்மா எறங்குனாப் போதுங்க, வண்டி தானா ஏறிக்கும்" என்று ஒருவர் சொல்ல, பஸ் சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து இறக்கிப் புளியமரத்து நிழலில் உட்காரவைத்துவிட்டு, தள்ளப் போனார்.

ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சு சில்லென்றிருந்தது. டாக்டரம்மா என் வயிற்றை முதலில் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் என் பேச்சைக் கேட்டார்.

"இந்தக் குரல் எப்பலேருந்து?"

சொன்னேன். சொல்லி முடிக்க நேரம் ஆயிற்று. அவர் பொறுத்திருந்தார். பிறகு நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே உள்ள நாணை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. துள்ளிய பாதம் பழைய இடத்துக்கு உடனே திரும்பவில்லை. தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடக்கிறவளைப் போல மெல்ல, மெல்ல வந்து சேர்ந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் அப்படியே.

"நீங்க அதிகமா சாப்பிடறவங்க இல்லை" என்றார்.

கேள்வி இல்லை அது. நான் கேட்காமலே ஒருவர் சொன்ன வாக்கியம். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டபடியே அழுதேன்.

தைராய்டு (தொண்டையின் முன்பக்கம் ஒட்டியிருக்கும் ஒரு சுரப்பி) சோர்ந்துபோயிருக்கிறது என்றார். உடம்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்று சொல்வது அதன் வேலை. அது ஓய்ந்தால் எல்லாம் மந்தமாகும். நோயின் பெயர் மிக்ஸிடீமா (தோலுக்கு அடியில் கோழை போன்ற ஒன்று தேங்கி உடம்பு ஊதுவது). "அடுப்பு அணைஞ்சு கெடக்கும்மா. நீங்க விறகைக் கொறைச்சு என்ன பிரயோஜனம்? நடந்து நடந்து இருதயத்தைத்தான் வதைச்சிருக்கீங்க."

மருந்து, ஆட்டின் அதே சுரப்பியைக் காயவைத்துச் செய்த மாத்திரை. வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். கொஞ்சமாகத் தொடங்கி ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் இருதயம் படபடத்து ஆபத்தாகும். நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள் என்றார்.

மாத்திரை கப்பலில் வர வேண்டும். யுத்தத்தில் கப்பல் எங்கே வந்தது? கையிருப்பு தீர்ந்ததும் டாக்டரம்மா மாமாவைக் கூப்பிட்டு, ஆட்டுத் தொண்டையில் அந்தச் சுரப்பி எங்கே இருக்கும் என்று படம் போட்டுக் காட்டி, எவ்வளவு கொடுப்பது என்றும் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து எருமப்பட்டியில் ஆடு அறுக்கும் நாளெல்லாம் கறிக்கடையில் முதல் ஆள் அவர்தான்.

"ஏனுங்க கவுண்டரே, நல்ல தொடைக்கறிய உட்டுப்போட்டுத் தொண்டைய வாங்கீட்டுப் போறீங்களே" என்பாராம் கடைக்காரர்.

"ஊட்டுல அதுதான் புடிக்குதுங்க" என்பாராம் இவர்.

வாழை இலையில் மடித்து, ஏதோ பூ வாங்கி வருகிறவர் போல மடியில் வைத்துக்கொண்டு வருவார். வெந்நீரில் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவேன்.

முதலில் வியர்வை வந்தது. உரலடியில் நின்றபோது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு உருண்டு உதட்டில் உப்பாக விழுந்தது. மழை பெய்ததுபோல ஓடிப்போய் அவரிடம் முகத்தைக் காட்டினேன். துண்டால் துடைக்கப் போனவர், துடைக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் வடிந்தது. குரல் திரும்பியது. சில மாதங்களில் என் பழைய உடம்பு, வெளியூர் போயிருந்தவள் போல, ஒவ்வொரு அறையாக விளக்கேற்றிக்கொண்டு உள்ளே வந்தது. ஆசாரி மிஞ்சியைப் பற்றவைத்துக் கொடுத்தார். அறுத்த இடத்தில் ஒரு கோடு.

ஊர் சந்தோஷப்படும் என்றுதான் நினைத்தேன்.

"பாத்தீங்களா" என்றாள் பாவாயி, கிணற்றடியில், என் காதுபடவே. "ஆப்பீசருங்க வந்து குழியத் தொறந்தாலும் தொறந்தாங்க, அக்கா எப்புடி எளச்சுப் போச்சு!"

அவ்வளவுதான். ஊதியபோது தின்றதற்குச் சாட்சி. இளைத்தபோது தின்றது நின்றதற்குச் சாட்சி. குணமான உடம்பே என் மேல் குற்றத்தை முடித்து முத்திரை வைத்தது. நோயைவிட இது வலித்தது. இதற்கு மருந்து எந்தக் கப்பலிலும் வராது.

அடுத்த முறை சேலம் போனபோதும் அதே மேட்டில் பஸ் நின்றது. இந்த முறை நானும் தள்ளினேன். டிரைவர் அடுப்பில் கரி போடும் நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க மாமா, அன்னைக்குக் குழிக்குள்ள எட்டிப் பாத்தீங்களே. என்ன இருக்குன்னு பாத்தீங்க?"

உதிர்ந்து கிடந்த ஒரு புளியம்பூவை எடுத்துக் கிள்ளினார்.

"ஏதாச்சும் இருக்கோணும்னு பாத்தேன் புள்ள."

"நான் ஒளிச்சு வெச்சுத் தின்னேன்னு நெனைச்சீங்களா?"

"தின்னுருக்கோணும்னு நெனைச்சேன். ஒரு மொடாச் சோளம் உள்ள இருந்துச்சுன்னா, நீ திங்கற, அதான் ஊதற, அவ்வளவுதான்னு போயிருமே." கிள்ளிய பூவைக் கீழே போட்டார். "எங்கக்காளும் ஒண்ணும் திங்காமத்தான் ஊதுனா."

அவர் அந்த அக்காவைப் பற்றிப் பேசியது அந்த ஒரு முறைதான். பஸ் கிளம்பியது. எழுந்து புழுதி தட்டிக்கொண்டோம்.

யுத்தம் முடிந்து மாத்திரை திரும்பக் கிடைத்தது. தொண்டை வாங்கப் போக வேண்டிய வேலை அவருக்கு இல்லாமல் போயிற்று. அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு ஒரு விஷக்காய்ச்சல். எனக்காகப் படம் போட்டுக் காட்ட ஒரு டாக்டரம்மா இருந்தார். மாமாவுக்கு நாமக்கல் போய்ச் சேரும் நேரம்கூட இருக்கவில்லை. வண்டியிலேயே போய்விட்டார்.

பூவும் மிஞ்சியும் எடுக்கும் நாளில் பாவாயிதான் என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். மிஞ்சியைப் பிடித்து இழுத்தாள். தண்ணீரில் வழுக்குவதுபோல ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அறுத்துப் பற்றவைத்த கோட்டை விரலால் தடவினாள்.

"அரம் வெச்சு அறுத்த மிஞ்சியா அக்கா இது?" என்று கேட்டவள், என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் என்னை நம்பினாளா, தெரியாது. அப்போது அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இப்போதும் விடியலில் மாத்திரை போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நடக்கிறேன். இளைப்பதற்காக நடந்த நாட்களில் ஒவ்வொரு அடியும் நாளைக்காக வைத்தது. இப்போது கால் உடனே துள்ளுகிறது, உடனே திரும்புகிறது. பொழுதுதான் மெல்ல வந்து சேர்கிறது. வியர்க்கிறது. துடைப்பதில்லை.

இளைக்க வேண்டும் என்று அத்தனை வருஷம் வேண்டியவள், மிஞ்சி எடுத்த அந்த ஒரு நாள் மட்டும் வேறொன்று வேண்டினேன். அந்த ஒரு விரலாவது பழையபடி வீங்கியிருக்கக் கூடாதா. யார் இழுத்தும் கழலாமல்.