நூலகத்துக்குள் மட்டும்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்த நூலகத்துக்குப் போய், தலைவர் அசந்திருக்கும் நேரம் பார்த்து அவருடைய முழுக்கைச் சட்டையை லேசாக மேலே ஏற்றிப் பாருங்கள். இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஊதா மையில் ஒரு முத்திரை இருக்கும். 'நூலகத்துக்குள் மட்டும்.' அகராதிகளின் முதல் பக்கத்தில் குத்துவார்களே, அதேதான். குளித்தால் மங்கிவிடுகிறது என்று தினமும் காலையில் புதிதாகக் குத்திக்கொள்கிறார். அப்படியானால் நீங்கள் வீட்டுக்குப் போவதே விதிமீறல் அல்லவா என்று கேட்டுவிடாதீர்கள். சிரிக்கும் நிலையில் அவர் இல்லை.

இத்தனைக்கும் மெத்தப் படித்தவர். பேய், பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி புன்னகை செய்தவர். அவருக்குத்தான் இது நடந்தது. நட்ட நடுநிசியில் அல்ல. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தபோது.

ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் முன்னுரை. குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நிகழ்ச்சியானாலும் சரி, பெரியவர்களுக்கான கணினி வகுப்பானாலும் சரி, முதலில் அவர் பேசுவார். பேசி முடிக்கும்போது குழந்தைகள் தூங்கியிருப்பார்கள். கணினிகளும் தூங்கியிருக்கும்.

நூலக வாசலில் ஓர் அலமாரி உண்டு. 'இம்மாதம் நீங்கள் படித்தே ஆக வேண்டியவை.' புதிதாக வந்த நூல்கள் அதில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் தலைவர் கையால் எழுதிய சிறு சீட்டு. 'ஒரே மூச்சில் படித்தேன்.' துப்பறியும் நாவலிலும் அதே சீட்டு, வரி விதிப்புச் சட்டத்திலும் அதே சீட்டு. மனிதருக்கு மூச்சு பெரிது. எந்த நூலின் தாளையும் அவர் பிரித்துப் பார்த்ததாகச் சாட்சி இல்லை.

அவருடைய பெருமைக்கெல்லாம் பெருமை 'மனிதப் புத்தகம்'. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையன்று புத்தகங்களுக்குப் பதில் ஆட்களை இரவல் கொடுப்பார்கள். ஒரு தாதி, ஒரு கப்பல் சமையல்காரர், இடுகாட்டில் குழி வெட்டுபவர் ஒருவர்... ஆளுக்கு ஒரு மேசை, ஆளுக்கு ஓர் அட்டை. வாசகர் கவுண்டரில் அட்டையை எடுத்துக்கொண்டு போய் அந்த மேசையில் உட்கார வேண்டும். 'புத்தகம்' தன் வாழ்க்கையைச் சொல்லும். அரை மணி கழித்து மணி அடித்ததும் அட்டை கவுண்டருக்குத் திரும்பிவிட வேண்டும்.

கவுண்டரில் இருப்பவர் எல்லோருக்கும் அக்கா. ஐம்பதைத் தொட்டவர், தனி ஆள், சட்டதிட்டத்தில் கறார். ஒவ்வோர் அட்டையின் முதுகிலும் அந்த ஊதா முத்திரையைக் குத்தாமல் வெளியே வைக்க மாட்டார்.

"மனுஷனுக்கு எதுக்கும்மா முத்திரை?" என்பார் தலைவர்.

"முத்திரை இல்லாதது வீட்டுக்குப் போகலாம் சார். ரூல் அப்படித்தான்."

"தோள்ல தூக்கிப் போட்டுட்டா போயிடுவாங்க?"

"ரூலைச் சொன்னேன் சார்."

அந்தச் சனிக்கிழமை மழை. மதியத்திலேயே இருட்டிக்கொண்டு வந்தது. மாலையில் துறை இயக்குநர் வருவதாக ஏற்பாடு. சிறந்த சமூக நூலகத்துக்கான கேடயம். தலைவர் பல வருடமாகக் கனவில் வாங்கி வாங்கிக் கை வலித்துப்போன கேடயம். ஏற்புரை சட்டைப்பையில் புடைத்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா இரண்டு டிபன் பாக்ஸை எடுத்து வைத்தார்.

"ஒரு வயித்துக்கு ரெண்டு டிபன் பாக்ஸா?" என்று தலைவர் சீண்டினார்.

"என்னமோ தெரியல சார். கை தானா ரெண்டுல போட்டுடுது. ஒரு மாசமா இப்படித்தான்."

இரண்டையும் அவரே சாப்பிட்டு முடித்தார். ஏசி குளிருக்கு ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டார். ஆண்கள் ஸ்வெட்டர். தொலைந்த பொருள் பெட்டியில் கேட்பாரற்றுக் கிடந்தது.

"லிஃப்ட் மெக்கானிக்குக் காய்ச்சலாம் சார். ஏழாவது மேசை இன்னைக்குக் காலி."

தலைவர் யோசிக்கவில்லை. ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். அவருடைய மேசை இழுப்பறையிலிருந்து தடித்த, வழவழப்பான அட்டை ஒன்று வெளியே வந்தது. தங்க நிறக் கரை. நடுவில் கொட்டை எழுத்தில் 'சிகரம் தொட்டவன்'.

"இது எப்ப சார் அடிச்சீங்க?"

"போன வருஷமே. ஒரு முன்னெச்சரிக்கைக்கு."

அக்கா முத்திரையை மைத்தட்டில் அழுத்தினார்.

"ஐயையோ, வேணாம்மா! மை ஊறித் தங்கக் கலர் பாழாயிடும்."

"சார், ரூலு..."

"இங்க நான்தாம்மா ரூலு."

ஏழாவது மேசையில் போய் உட்கார்ந்தார். குழி வெட்டுபவருக்கு வரிசை நின்றது. கப்பல் சமையல்காரரின் மேசையில் ஒரே சிரிப்பு. சிகரத்தைத் தொட யாரும் வரவில்லை. ஒரே ஒருவர் வந்தார். கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாலு இருபதுக்கு அந்தப் பெண் வந்தாள்.

வயது சொல்ல முடியாத முகம். வெளியே மழை கொட்டுகிறது, அவள் கையில் குடை இல்லை. தலைமுடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. மற்றவர்கள் நடந்த இடமெல்லாம் சேற்றுத் தடம், அவள் வந்த வழி துடைத்து வைத்தது போல இருந்தது.

"இது உள்ள இருக்கா?" தங்கக் கரை அட்டையைக் காட்டினாள்.

"இருக்கேன், இருக்கேன். உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. முதலில் குனிந்து, அவர் தோளருகே மூக்கைக் கொண்டுவந்து, கண்ணை மூடி முகர்ந்தாள். புதுப் புத்தகத்தைப் பிரித்து முகர்வது போல. பிறகுதான் உட்கார்ந்தாள்.

தலைவர் தொடங்கினார். தான் பிறப்பதற்கு முன்பிருந்து. தாத்தாவின் பெருமை, அப்பாவின் பெருமை, தொட்டிலிலேயே தென்பட்ட அறிகுறிகள், பள்ளிக்கூடத்தில் முதல் நாள்... அவள் இமைக்காமல் கேட்டாள். அவ்வப்போது ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக் காற்றில் லேசாகத் தள்ளினாள்.

சர்ர்ர்.

தாள் புரளும் சத்தம். மேசையில் தாளே இல்லை.

தலைவருக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. ஆனால் கேட்க ஓர் ஆள் கிடைத்த மகிழ்ச்சி அதைவிடப் பெரிதாக இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நாற்காலி ஓரம் வைத்துவிட்டு இன்னும் வேகமாகச் சொன்னார். மணி அடித்தபோது அவர் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை.

அவள் அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமை.

"முத்திரை இல்லையே."

"அது தேவையில்லன்னு நான்தான்..."

"அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?"

யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"தாராளமா! மெதுவா படிங்க. அவசரமே இல்ல."

"போன மாசம் எடுத்ததே இன்னும் முடியல," என்றாள். "நல்லாப் போகுது. திருப்பிக் குடுக்க மனசு வரல."

அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். தானியங்கிக் கதவு திறந்தது. மூடியது.

ஐந்தரைக்கு விழா. தலைவர் மேடை ஏறினார். முன்வரிசையில் யாரும் எழுந்திருக்கவில்லை. மரியாதை கெட்ட காலம் என்று நினைத்துக்கொண்டார். மைக்கைப் பிடித்து ஏற்புரையை ஆரம்பித்தார். அரங்கம் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. அவர் பேசும்போது யாரும் கேட்பது வழக்கமில்லை என்பதால் உடனே உறைக்கவில்லை.

மூன்றாவது பக்கத்தில்தான் உறைத்தது. மைக்செட்காரர் வந்து, அவரை விலக்காமல், அவர் வழியாகவே கையை நீட்டிக் குமிழைத் திருகினார்.

"ஏதோ இரைச்சல் வருது," என்றார்.

இயக்குநர் அக்காவிடம் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

"தலைமை நூலகர் போஸ்டு இன்னும் காலியாவா இருக்கு?"

"ஆமா சார். ரொம்ப நாளா. நான்தான் பாத்துக்கறேன்."

கேடயத்தை அக்கா வாங்கிக்கொண்டார். தலைவரும் கை நீட்டினார். விரல்களில் எதுவும் படவில்லை.

வாசலுக்கு ஓடினார். தானியங்கிக் கதவு திறக்கவில்லை. கையை ஆட்டினார். குதித்தார். கதவுக் கண்ணாடியில் பின்னாலிருந்த விளக்குகள் தெரிந்தன. அலமாரி தெரிந்தது. 'ஒரே மூச்சில் படித்தேன்' சீட்டுகள் தெரிந்தன.

அவர் தெரியவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தார். மகள் எடுத்தாள்.

"அம்மாடி, அப்பா பேசறேன்."

"யாருங்க வேணும்?"

"அப்பாம்மா! அம்மாகிட்ட குடு..."

"ராங் நம்பர்ங்க. இங்க நானும் அம்மாவும் மட்டும்தான். எப்பவுமே."

டொக்.

சர்ர்ர்...

காதுக்குள்ளேயே கேட்டது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள்... அவளிடம் சொன்னாரே, அது என்ன? தேடினார். காணோம். தாத்தாவின் முகம்... காணோம்.

சர்ர்ர்...

அப்பாவின் குரல்.

காணோம்.

மகள் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது இருக்கிறது. இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு அவள் இன்னும் வரவில்லை...

அரங்கம் காலியானது. ஆறு பத்து. அக்கா நாற்காலிகளை மடக்கிக்கொண்டே வந்தார். ஏழாவது மேசையில் நின்றார்.

"இங்க யாரும் உக்காரலையே... இது யாரு கண்ணாடி?"

கவுண்டருக்குப் போய் அட்டைகளை எண்ணினார். நாற்காலிகளைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். நாற்காலியைவிட அட்டை ஒன்று குறைந்தது. வேறொருவராக இருந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் போயிருப்பார். அக்கா ஒலிபெருக்கியைப் போட்டார்.

"இரவல் எடுத்தவர்கள் கவனத்துக்கு. ஓர் அட்டை இன்னும் திரும்பவில்லை. நூலகம் மூடப்போகிறது. தயவுசெய்து திருப்பிக் கொடுக்கவும்."

மழைச் சத்தம்.

மறுபடி சொன்னார்.

மழை.

மறுபடியும்.

சுவரில் ஒரு தகர மூடி உண்டு. நூல்களை வெளியிலிருந்து உள்ளே போடுவதற்கு. அது மெதுவாக... உள்பக்கம் தள்ளப்பட்டது.

டக்.

"சார்! தரையில என்ன பண்றீங்க?" அக்கா ஓடி வந்தார். "எங்க போயிட்டீங்க? உங்களைத் தேடித் தேடிப் பாத்துட்டு ஷீல்டை என் கையில திணிச்சிட்டுப் போறாரு இயக்குநர்."

தலைவர் எழுந்து தகர மூடிக்குக் கீழிருந்த பெட்டியைத் திறந்தார். தங்கக் கரை அட்டை. நனையவில்லை. ஒரு மூலை மட்டும் அழகாக மடிக்கப்பட்டிருந்தது, படித்த இடம் மறக்காமலிருக்க மடிப்பார்களே, அப்படி. பின்பக்கம் பென்சிலில் ஒரு வரி.

'முன்னுரை வரை படித்தேன். மீதி அப்புறம்.'

போன் அடித்தது. மகள்.

"அப்பா, சீக்கிரம் வாங்கப்பா. யாரோ ஒரு ஆளு போன் பண்ணி, நான்தான் உன் அப்பான்னு சொல்றான். பயமா இருக்கு."

தாத்தாவின் முகம் திரும்பி வந்திருந்தது. அப்பாவின் குரலும் வந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் மட்டும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

மழைக்கு அக்காவைத் தன் காரிலேயே கொண்டுபோய் விட்டார். கடைசித் திருப்பத்தில் அக்காவே வாயைத் திறந்தார்.

"போன மாசமும் அட்டையைவிட ஒரு நாற்காலி கூடுதலா இருந்துச்சு சார்."

"என்னது?"

"மை காஞ்சுபோச்சு. கடைசி அட்டைக்குக் குத்த முடியல. எண்ணிடறேன்னேன். போட்டோவுக்கு நேரமாச்சு, ஒரு அட்டையில குடியா முழுகிடும்னு நீங்க என்னை இழுத்துட்டுப் போயிட்டீங்க."

"யாரோட அட்டை அது?"

"அதான் சார்... ஞாபகமே வரமாட்டேங்குது. அந்த நாற்காலி மேலதான் இந்த ஸ்வெட்டர் கிடந்துச்சு."

போன மாசம் எடுத்ததே இன்னும் முடியல. நல்லாப் போகுது.

தலைவர் காரை நிறுத்தினார். அக்கா இறங்கி, குளிருக்கு ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டார். அப்படியே நின்றார்.

"சாவி ஒண்ணு இருக்கு சார்."

தெருவிளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் வீட்டுக் கதவருகே போனார். கைப்பையில் தன் சாவி இருந்தும் அதை எடுக்கவில்லை.

கையிலிருந்த சாவி பூட்டுக்குள் நுழைந்தது.

திரும்பியது.

க்ளிக்.

கதவு திறந்தது. வாசற்படிக்கு உள்ளே அக்காவின் செருப்பு. அதன் பக்கத்தில், தூசி படிந்து, பெரிய ஆண் செருப்பு ஒரு ஜோடி.

"சார்," என்றார் அக்கா, திரும்பாமல். "நான் எப்பவும் தனியாத்தானே இருந்தேன்?"

வாழ்க்கையில் முதல் முறையாகத் தலைவருக்குச் சொல்ல எதுவும் இல்லை.

மனிதப் புத்தகம் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் தினமும் மூடும் நேரத்தில் அக்கா இன்னும் ஒலிபெருக்கியைப் போடுகிறார். ஓர் அட்டை இன்னும் திரும்பவில்லை. தயவுசெய்து திருப்பிக் கொடுக்கவும். போனது கணவனா, அண்ணனா, பெற்ற மகனா என்று அவருக்கே தெரியாது. அறிவித்துவிட்டுத் தகர மூடியையே பார்த்தபடி நிற்கிறார்.

டிபன் பாக்ஸ் இப்போதும் இரண்டுதான். ஒன்றை மட்டும் அவர் திறப்பதில்லை.