டிரம் பலகை மேஜை

பிள்ளைகளே, நான் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் கிளார்க்காக இருந்தபோது எங்கள் ஆபீஸ் அறையை அமைக்க ஒரு தச்சர் வந்தார். குட்டையான ஆள், காதில் எப்போதும் பென்சில். எந்தப் பலகையானாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். தோலைப் போட்டுச் சுற்றும் பழைய மர டிரம்களைப் பிரித்து, அந்தப் பலகையிலேயே மேஜை, அலமாரி, தடுப்பு எல்லாம் செய்தார்.

"இருபது வருஷம் தோல ஊறப்போடுற பட்டைத்தண்ணி குடிச்ச கட்டை சார். கரையான் கிட்ட வராது," என்றார்.

முதலாளி வந்து பார்த்தார். "இன்னா மேஸ்திரி, தோல் வாங்க வர்ற வெளிநாட்டுக்காரன டிரம்முக்குள்ள உக்கார வெக்கப் போறியா? எல்லாத்துக்கும் மேல மைக்கா ஷீட் ஒட்டிடு."

தச்சர் இரண்டே நாளில் தன் கையாலேயே ஒட்டி மூடினார்.

"மனசு கேக்குதா மேஸ்திரி?" என்றேன்.

"கேக்காட்டி இன்னா சார் பண்றது? அடுத்த ஆபீஸுக்கு இந்தக் கட்டையத் தேடிப் போவ மாட்டேன்."

ஆனாலும் கடைசி ஷீட்டை ஒட்டும் முன்னால் குனிந்து அந்தப் பலகையை ஒருமுறை முகர்ந்தார்.

அவர் போன மறுநாள், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, என் மேஜை டிராயரை வெளியே இழுத்தேன். உள்பக்கம் மைக்கா ஒட்டவில்லை. தலையை நுழைத்து முகர்ந்து பார்த்தேன். பசை நெடிதான் அடித்தது.