எட்டு மணிக்கு மேல புரூனோ வர மாட்டான்

நாயை நடத்திக் கூட்டிட்டுப் போறதுல என்ன கஷ்டம்னு கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை: கயித்தோட ஒரு முனையில நாய் இழுக்கும், இன்னொரு முனையில நாயோட முதலாளி இழுப்பாரு, நடுவுல நிக்கிறது நாமதான்.

என் பேரு ஜெசிந்தா. பதினெட்டு வருஷம் மரக்காணம் உப்பளத்துல உப்பு வாரினவ. முட்டி ரெண்டும் தேஞ்சு, இனிமே பாத்தியில குனிஞ்சா நிமிர முடியாதுன்னு ஆனப்பதான் அனுமந்தை பக்கம் ஒரு பீச் ஹவுஸுல லேப்ரடார் பாத்துக்குற வேலை கிடைச்சுது. பிரகாஷ் சாரும் மேடமும் சென்னையில இருந்து சனி ஞாயிறு வருவாங்க. மத்த நாளெல்லாம் புரூனோ, நான், வாட்ச்மேன் முருகேசன், அவ்வளவுதான். இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற போக்கிடம் கிடையாது. அது தெரிஞ்சேதான் கீழ சொல்லப்போற வாயெல்லாம் பேசினேன். நீங்களும் அடுத்தவங்க நாயைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நிக்கிறவங்களா இருந்தா, படிச்சு ஆறுதல் பட்டுக்குங்க.

கால் சொன்ன பொய்

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். வேலைக்குச் சேந்த புதுசு, பங்குனி மாசம். காலையில தேவாலயம் போயிட்டு வர்றதுக்குள்ள ஒன்பது மணி ஆயிடுச்சு. தார் ரோட்டுல வெறுங்காலை வச்சுப் பாத்தேன். சுடவே இல்ல. சரி, போலாம்டான்னு கூட்டிட்டுப் போனேன். பத்தடி போனதும் புரூனோ ஒவ்வொரு காலாத் தூக்குறான், குதிக்கிறான், புல்லுப் பக்கம் இழுக்குறான். சேட்டை பண்றான்னு நெனச்சு நான் திருப்பி இழுத்தேன். வீட்டுக்கு வந்து பாத்தா பாதத்துல கொப்பளம். முருகேசன் வண்டியில ஏத்தி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

டாக்டரம்மா மருந்து போட்டுட்டு, "சூடு இருக்குதான்னு பாக்கலையா?"ன்னு கேட்டாங்க. பாத்தேன்னு சொல்லி என் காலைக் காட்டினேன். பதினெட்டு வருஷம் உப்புல ஊறி, காஞ்சு, வெடிச்ச கால் அது. டாக்டரம்மா அதைத் தொட்டுப் பாத்தாங்க. இனிமே புறங்கையைத் தரையில வச்சு ஏழு வரைக்கும் எண்ணணும், எண்ண முடியலைன்னா நாயும் நடக்கக் கூடாதுன்னாங்க. அப்புறம் சிரிக்காம சொன்னாங்க: "உங்க காலே செருப்பு மாதிரி இருக்குதும்மா, அதுகிட்ட போய் சுடுதான்னு கேட்டா அது என்ன சொல்லும்?"

உப்புப் போட்ட மோர்

அன்னியில இருந்து நான் ஒரு சட்டம் போட்டுட்டேன். காலையில அஞ்சரைக்குக் கிளம்பி ஏழுக்குள்ள வீடு. எட்டு மணிக்கு மேல கேட்டைத் தாண்டக் கூடாது. மறுபடி சாயங்காலம் தரை ஆறின பிறகுதான். ஒரு நாள் நடந்துட்டு வந்து புரூனோ தரையில படுத்து நாக்கைத் தொங்கப் போட்டிருந்தான். முருகேசனுக்குப் பாசம் பொங்கிடுச்சு. ஒரு கிண்ணம் மோருல கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கிட்டு வர்றாரு. உப்பளத்துல எங்களுக்கெல்லாம் அதுதான் வைத்தியம், வேர்வையில போன உப்பு திரும்பணுமே. நான் கிண்ணத்தைப் பிடுங்கினேன். யோவ், அவனுக்கு நம்மள மாதிரி வேர்க்காதுய்யா, நாக்கை நீட்டி மூச்சு விட்டுத்தான் சூட்டை எறக்குவான், வெறும் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா வையி, போதும்னேன். முருகேசனுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு: "மரக்காணத்துல பொறந்துட்டு உப்பு வேணாங்குற மொத ஆளு நீதாம்மா."

நாலு காலுக்கு நாலு ஷூ

கொப்பளக் கதையைக் கேட்டதும் மேடம் ஆன்லைன்ல நாய்க்கு ரப்பர் ஷூ வாங்கிட்டாங்க. செகப்புக் கலரு. நாலு காலுலயும் மாட்டி விட்டா, புரூனோ சேத்துல கால் வச்ச மாதிரி ஒவ்வொரு காலையும் ஒசரத் தூக்கி உதறுறான். மேடம் இனிமே எப்ப வேணா கூட்டிட்டுப் போலாம்ல, பத்து மணிக்குக்கூட, அப்படின்னாங்க. நான் சொன்னேன், மேடம், ஷூ பாதத்தைக் காப்பாத்தும், உள்ள கொதிக்கிற உடம்பை யாரு காப்பாத்துறது? மேடம் நல்லவங்க, சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க. "சரி, ரிட்டர்ன் போட்டுடறேன் ஜெசிந்தா, ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு போட்டோ."

மூணு குடம்

சார் அப்படி இல்ல. புரூனோ குண்டாயிட்டான், ஓட வைக்கணும்னு அவருக்கு ஒரு யோசனை. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு சைக்கிள்ல இவரு போவாராம், அவன் பின்னாடி ஓடணுமாம். அதையும் தூங்கி எழுந்து, காபி குடிச்சு, பத்தரை மணிக்குத்தான் செய்வாரு. வேணாம் சார்னேன். வாட்டர் பாட்டில் எடுத்துக்கிட்டேன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு. எனக்கு மனசு கேக்கல. முருகேசன் வண்டியில ஏறிப் பின்னாடியே போனேன்.

உப்பளத்து நடுரோட்டுல, ஒரு மரம் கிடையாது, சைக்கிள் கீழ கிடக்குது. புரூனோ நாக்கு செங்கல் மாதிரி செவந்து தொங்குது, வாயில கெட்டியா எச்சில், பின்னங்கால் பின்னிக்கிட்டு விழுந்துட்டான். சார் பதறிப்போய் அவனைத் தூக்கிப் பக்கத்துப் பாத்தியில இறக்கப் போறாரு, தண்ணி தெரியுதுல்ல. நான் கத்தினேன்: சார், இறக்காதீங்க, பதினோரு மணிக்குப் பாத்தித் தண்ணி சுடும், அதுவும் உப்பு ஏறின தண்ணி, அதை அவன் குடிச்சான்னா இங்கயே முடிஞ்சுது. எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு.

உப்பு மூட்டை போடுற ஷெட்டு நிழலுக்குத் தூக்கிட்டு ஓடினோம். என்கூட வேலை செஞ்ச பாக்கியம் அக்காவும் மத்த பொம்பளைங்களும் வேலை முடிச்சுக் கிளம்பிட்டிருந்தாங்க. குடிக்கவும் கால் அலசவும் அவங்க வச்சிருந்த நல்ல தண்ணி மூணு குடம். கேக்குறதுக்கு முன்னாடியே கொடுத்துட்டாங்க. வயித்துலயும் தொடை இடுக்குலயும் ஊத்திக்கிட்டே இருந்தேன், அவங்க முந்தானையால விசிறினாங்க. கொஞ்சம் மூச்சு நிதானமானதும் சாரோட காரை வரவழைச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரெண்டு நாள் ட்ரிப்ஸ் ஏறிப் பொழைச்சு வந்தான். ஆனா காருல ஏத்துறப்ப பாக்கியம் அக்கா சார் காது கேக்கவே சொன்னாங்க: "நாங்க மயங்கி விழுந்தா ஒரு சொம்புதான் ஊத்துவாங்க, ஜெசி. உன் நாய் குடுத்து வச்சது."

நின்னுக்கிறேன் சார்

ஒரு மாசம் சார் ஒழுங்கா இருந்தாரு. கத்திரி வெயில் வந்துச்சு, சென்னையில இருந்து நாலு ஃப்ரெண்ட்ஸும் வந்தாங்க. பகல் பதினொண்ணரைக்கு எல்லாருமா பீச்சுக்குக் கிளம்புறாங்க, புரூனோ தண்ணியில பந்து பிடிக்கிறதை வீடியோ எடுக்கணுமாம். நான் கேட்டுல நின்னுக்கிட்டேன். உங்களுக்குத் திறந்து விடறேன், அவனுக்குத் திறக்க மாட்டேன்னேன். ஒரு ஃப்ரெண்டு சிரிச்சுக்கிட்டே, ஊர் நாயெல்லாம் வெயில்லதானேம்மா சுத்துதுன்னாரு. நான் சொன்னேன்: இப்ப பக்கத்துல எக்கியார்குப்பம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்க சார், ஒரு நாய் வெயில்ல இருக்காது. படகுக்கு அடியில மண்ணைப் பறிச்சுக்கிட்டுப் படுத்திருக்கும். அதுக்கு முதலாளி கிடையாது, அதனால அது புத்திப்படி நடக்குது.

ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி சாருக்கு மூஞ்சி செவந்துடுச்சு. அதுவரைக்கும் 'நீங்க' போட்டுப் பேசினவரு 'நீ'க்கு வந்துட்டாரு. நாய் உன்னுதா என்னுதா, உனக்கு இஷ்டமில்லைன்னா வேலையை விட்டு நின்னுடுன்னாரு. எனக்கு வேற போக்கிடம் இல்ல. ஆனா கயித்தை விடல. நாய் உங்களுதுதான் சார், நின்னுக்கிறேன்; சாயங்காலம் அஞ்சரைக்கு அவனை நடத்திட்டு வந்து நின்னுக்கிறேன், அதுவரைக்கும் கயிறு என்கிட்டதான் இருக்கும்னேன். அவங்க மட்டும் பீச்சுக்குப் போனாங்க. பத்து நிமிஷத்துல திரும்பி வந்து ஏசியைப் போட்டுப் படுத்துட்டாங்க.

அஞ்சரைக்கு நடத்திக் கூட்டிட்டு வந்து, தண்ணி வச்சுட்டு, என் பையை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்தேன். சார் சோபாவுல உக்காந்து போனையே பாத்துக்கிட்டிருந்தாரு, தலையைத் தூக்கல. மேடம்தான் வெளிய வந்து, என் கையில இருந்த பையை வாங்கி உள்ள வச்சாங்க, சாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க: "இந்த வீட்டுல யாராவது நிக்கணும்னா அவரு நிக்கட்டும், நீங்க காலையில அஞ்சரைக்கு வந்துடுங்க."

எட்டு மணிச் சட்டத்துக்கு புரூனோ ஒரு வாரத்துல பழகிட்டான், சாருக்கு ஒரு கோடை முழுசும் ஆச்சு, ஆனா அவரை நம்பி இன்னும் கயித்தை விட முடியலைங்க.