விரலை எடுத்த பிறகும்

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை உடன் வேலை செய்கிறவர்கள் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வலது காலில் தொடைவரை மாவுக்கட்டுப் போட்டு, எட்டு வாரம் அசையக் கூடாது என்று டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்?

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். காலையில் அவள் கிளம்பியதும் வீடு அவரைத் தின்ன வரும். கண்ணை மூடினால் அந்த நாள் வந்து நிற்கும்.

அன்று ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் அவரும் மைத்துனனும் நின்றிருந்தார்கள். அங்கே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பழுது பார்க்கிறவர்கள் அதிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் கூண்டு நகரும், விட்டால் நிற்கும். பொத்தான் மைத்துனன் கையில். சுவர்க் கம்பியில் ஒரு காலை ஊன்றியபடி இவர் "நிறுத்து" என்றார். கூண்டு இன்னும் ஒரு முழம் ஏறித்தான் நின்றது. அதற்குள் கால் இரும்புக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிவிட்டது.

"விட்டுட்டேன் மாமா, அப்பவே விட்டுட்டேன்!" என்று அவன் கத்தினான். யாரும் நம்பவில்லை. பராக்குப் பார்த்துவிட்டுச் சாக்குச் சொல்கிறான் என்றார்கள். அதை முதலில் சொன்னவரே பம்பரம்தான். கம்பெனி அவனைக் கிடங்கில் பெட்டி அடுக்க அனுப்பியது. அதன்பிறகு அவன் இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மனைவி புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வாயே திறக்கவில்லை.

இரண்டாம் வாரம் பம்பரம் பழைய கணினியைத் தூசி தட்டினார். செங்கல் மழைக்கு நடுவே மாடி மாடியாக ஏணி ஏறும் ஒரு குட்டி மனிதனின் பழைய ஆர்கேட் விளையாட்டு இணையத்தில் இருந்தது. ஆனால் எல்லோரும் பயன்படுத்தும் உலாவி, இந்தக் கணினிக்கு வயதாகிவிட்டது என்று கைவிரித்துவிட்டது. சும்மா இருப்பாரா? வேறு உலாவிகளைத் தேடித் தேடி இறக்கினார். ஒன்று திறப்பதற்குள் குளித்துவிட்டு வந்துவிடலாம். இன்னொன்றில் விளையாட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்புக் கட்டம். மூன்றாவது, யாரோ நாலைந்து பேர் ஓய்வு நேரத்தில் செய்தது. தட்டியதும் திறந்தது, விளையாட்டும் ஓடியது. அன்றிலிருந்து மனிதர் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார்.

ஒரே ஒரு தொல்லை. விளிம்பில் விரலை எடுத்தாலும் குட்டி மனிதன் இரண்டு அடி கூடுதலாக நடந்து கீழே விழுந்தான். பம்பரம் தன் விரலைத் திட்டினார், விசைப்பலகையைத் துடைத்தார். ஒரு மத்தியானம் ஐந்தாம் மாடியில் கடைசி உயிரும் அப்படியே போனது.

"விட்டுட்டேன்டா! அப்பவே விட்டுட்டேன்!"

காலி வீட்டில் தன் குரலைத் தானே கேட்டு அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

உடனே இன்னொரு உலாவியைத் தேடி இறக்கி, அதே விளையாட்டை ஆடிப் பார்த்தார். விரலை எடுத்த கணமே குட்டி மனிதன் நின்றான். பத்துத் தரம் பார்த்தார். பத்துத் தரமும் நின்றான். விரல்மேல் குற்றமில்லை.

மைத்துனனுக்குப் போன் போட்டார். நாலாவது தடவைதான் எடுத்தான்.

"சொல்லுங்க மாமா."

"கூண்டு மேல இருக்கிற பெட்டியக் கழட்டிப் பாத்தியாடா?"

"என்னைத்தான் அந்தப் பக்கமே விடலையே. நீங்க சொன்னதைக் கேட்டுத்தானே இங்க தள்ளினாங்க."

"மேனேஜர்கிட்ட நான் பேசுறேன். இன்னைக்கே போய்ப் பாரு மாப்ள."

அதன்பிறகு அவரால் இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஊன்றுகோலோடு ஜன்னலுக்கும் கதவுக்குமாக அலைந்தார். மனைவி வேலை முடிந்து வந்த பிறகும் அந்த அலைச்சல் நிற்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மைத்துனன் வாசலில் நின்றான். உள்ளே வராமலேயே, கழற்றிக் கொண்டுவந்த பொத்தானை நீட்டினான். பம்பரம் அழுத்தினார், விரலை எடுத்தார். பொத்தான் உள்ளேயே கிடந்தது. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிய பிறகு 'டக்'கென்று மேலே வந்தது.

"ஸ்பிரிங் செத்துப்போச்சு," என்றான் மைத்துனன்.

"தப்பு என்னோடதுடா. ஏறதுக்கு முன்னாடி அதைச் சோதிச்சுப் பாக்க வேண்டியது நான்தான். நின்னு பாக்கப் பொறுமை இல்ல, ஏறிட்டேன்."

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இதை எங்ககிட்ட மட்டும் சொன்னாப் போதுமா? எத்தனை பேர்கிட்ட அவனைக் குறை சொன்னீங்களோ அத்தனை பேர்கிட்டயும் சொல்லுங்க."

மறுநாள் பம்பரம் பதினோரு பேருக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. பொத்தானைப் பற்றியும், சோதிக்காமல் ஏறியதைப் பற்றியும் எழுதிக் கொடுக்கச் சொன்னார், பம்பரம் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரமே மைத்துனன் லிஃப்ட் வேலைக்குத் திரும்பினான். அக்கா வீட்டுக்குள் காலெடுத்து வைக்க அவனுக்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது.